ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் ஏன் உதறுகிறது?

"வண்டி ஆடுது" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் நாலு வைத்தியம் சொல்வார்கள். அலைன்மெண்ட் பார்க்கச் சொல்வார் ஒருவர். பிளக்கை மாற்று, சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். பெட்ரோல் சரியில்லை என்பார் மூன்றாமவர். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் காரில் அதுதான் காரணமாக இருந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகளுக்கு நாம் "ஆட்டம்" என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

என் காரும் ஆடியது. 85,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார். திருச்சி–மதுரை சாலையில் லாரியை முந்தலாம் என்று மிதித்தால், 50-க்கும் 70-க்கும் நடுவே முன்பக்கம் இடமும் வலமுமாக உதறும். நாலு மாதத்தில் மூன்று முறை வீல் பேலன்சிங் செய்தேன், இரண்டு டயர்களைப் புதிதாக மாற்றினேன். ஆட்டம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு பெரியவர், காரில் கைகூட வைக்காமல், "காலை எடுத்தா நிக்குதா தம்பி?" என்று கேட்டார். நின்றுவிடும் என்றேன். "அப்போ டயரை ஏன் மாத்துனீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் இருக்கிற தர்க்கத்தைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை. கார் பற்றி எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதலில் ஒரு சைக்கிள்

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான். மூன்று விதமான கோளாறுகளை நினைத்துப் பாருங்கள்.

ஒன்று, ரிம் கோட்டம். சக்கரம் வளைந்திருக்கிறது. பெடலை மிதித்தாலும் ஆடும், மிதிக்காமல் இறக்கத்தில் உருண்டாலும் ஆடும். வேகம் கூடினால் ஆட்டமும் கூடும். காலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு, காட்டர் பின் தளர்ந்த பழைய சைக்கிள். பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற சின்ன ஆணி அது. தளர்ந்துவிட்டால், அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் 'கடக் கடக்' என்று இடிக்கும். காலை எடுத்த உடனே அமைதி. மேட்டில் அதிகமாகத் தெரியும், சமதளத்தில் மெதுவாக மிதித்தால் தெரியாது.

மூன்று, ஓட்டுகிறவருக்கே ஒரு முழங்காலில் வலி. ஒரு கால் நன்றாக மிதிக்கிறது, மறு கால் சும்மா சுற்றி வருகிறது. சைக்கிள் விட்டு விட்டு முன்னே போகும். சக்கரத்திலும் குறை இல்லை, பெடலிலும் இல்லை. சக்தி வருகிற இடத்திலேயே தடுமாற்றம்.

காரிலும் இதே மூன்று இடங்கள்தான். கால்கள் இருக்கிற இடத்தில் இன்ஜின். பெடலும் செயினும் இருக்கிற இடத்தில் கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்ட்டும். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டுக்கு டிரைவ் ஷாஃப்ட் என்று பெயர். கடைசியில் சக்கரம்.

ஆக, காரணம் எது என்று தேடுவதற்கு முன்னால், இந்த மூன்றில் எந்த இடம் என்று தெரிய வேண்டும். ஸ்பேனரை எடுக்காமலேயே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

சாலையில் மூன்று சோதனைகள்

ஆள் நடமாட்டமில்லாத, நேரான, நல்ல தார்ச்சாலை வேண்டும். கூட ஒருவர் இருந்து குறித்துக்கொண்டால் நல்லது. ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும், மீட்டரை அல்ல.

முதல் சோதனை, பெரியவர் என்னிடம் கேட்டதுதான். கார் ஆடுகிற வேகத்துக்குக் கொண்டுபோங்கள். ஆட ஆரம்பித்ததும் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள். ஆட்டம் அந்தக் கணமே நின்றால், அது பளுவோடு தொடர்புடையது. பளு என்றால், காரை முன்னே தள்ள இன்ஜின் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது. மெக்கானிக்குகள் 'லோடு' என்பார்கள். காலை எடுத்ததும் பளு போய்விடுகிறது, ஆனால் அந்த நொடியில் காரின் வேகம் அப்படியேதான் இருக்கிறது. வேகம் மாறாமல் ஆட்டம் மட்டும் நின்றால், சக்கரத்தின் மேல் பழி போட முடியாது. மாறாக, காலை எடுத்த பிறகும் ஆடி, வேகம் குறையக் குறையத்தான் ஆட்டம் அடங்குகிறது என்றால் சக்கரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, அதே வேகத்தில் வேறு கியர். 50 கிலோமீட்டரில் மூன்றாவது கியரில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள், அப்புறம் அதே 50-இல் நாலாவது கியரில். சக்கரம் இரண்டு முறையும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. மாறுவது இன்ஜினின் சுழற்சி மட்டும். கியரை மாற்றியதும் ஆட்டத்தின் தாளம் மாறினால் இன்ஜின் பக்கம் போங்கள். மாறாவிட்டால், கியர்பாக்ஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஷாஃப்ட்டும் சக்கரமும்.

மூன்றாவது, நிறுத்திவைத்த காரில் நியூட்ரலில் மெதுவாக ரேஸ் கொடுப்பது. நின்ற இடத்திலேயே உதறினால் இன்ஜினிலோ அதைத் தாங்குகிற ரப்பரிலோ குறை இருக்கிறது. ஆனால் உதறவில்லை என்பதற்காக இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நியூட்ரலில் பளு இல்லை. முழங்கால் வலிக்காரரும் உட்கார்ந்த இடத்தில் காலை நன்றாகத்தான் ஆட்டுவார்.

சுருக்கமாக: காலை எடுத்தால் நிற்கிறதா, கியர் மாற்றினால் மாறுகிறதா, நின்ற இடத்தில் ஆடுகிறதா. இந்த மூன்றுக்கும் விடை கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்ஜின் 'மிஸ்' அடிப்பது

பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டர் என்பது ஓர் இரும்புக் குழாய். உள்ளே காற்றும் பெட்ரோலும் கலந்து நுழையும், பிஸ்டன் அதை அழுத்தும், ஸ்பார்க் பிளக் தீப்பொறி வைக்கும், வெடித்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும்.

நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. நாலு சிலிண்டர் இன்ஜினில் நொடிக்கு 100 வெடிப்பு. அவ்வளவு நெருக்கமாக வருவதால் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே சீரான இழுவையாகத் தெரிகிறது. இதில் ஒரு சிலிண்டர் வெடிக்காமல் போனால் நொடிக்கு 25 இடங்களில் பள்ளம். 1,500 சுற்றில் நொடிக்குப் பன்னிரண்டு பள்ளம். இது உடம்புக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது ஒருவர் அடிக்கடி தவறவிட்டால் தாளம் எப்படிக் கெடுமோ அப்படி. இப்படி வெடிப்பு தவறுவதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

சரி, மிதிக்கும்போது மட்டும் ஏன் மிஸ் அடிக்க வேண்டும்? பிளக்கின் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. மின்சாரம் அதைத் தாண்டினால்தான் பொறி. காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபட்டிருக்கிறதோ, தாண்டுவது அவ்வளவு கடினம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று போகிறது, அதனால் அழுத்தமும் ஏறுகிறது. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் களைத்துப்போயிருந்தாலோ, பொறி அந்த நேரத்தில்தான் தோற்கும். மெதுவாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். மேம்பாலத்தில் ஏறும்போது உதறும்.

காரணம் பிளக், காயில், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர், அடைபட்ட ஃபில்டர், எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைவது என்று எதுவாகவும் இருக்கலாம். ஊகிக்கத் தேவையில்லை. இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் சொருகினால் காரே எண் சொல்லும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது என்று பொருள்.

எண் கிடைத்த பிறகு செய்கிற எளிய சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டாவது சிலிண்டரில் மிஸ் என்று வந்தால், அதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதன் காயிலை இரண்டாவதில். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேனர். கோளாறு மூன்றாவதற்கு நகர்ந்திருந்தால் குற்றவாளி காயில். இரண்டாவதிலேயே இருந்தால் பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். புதிதாக எதையும் வாங்காமலேயே காரணம் தெரிந்துவிடுகிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கிற கார்களில்தான் இதைச் செய்ய முடியும். இன்ஜின் ஆறிய பிறகு செய்ய வேண்டும்.

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1983-இல் வந்த மாருதி 800 மூன்று சிலிண்டர்தான், இன்றைய சின்ன கார்களிலும் பல அப்படியே. வெடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடுதல் என்பதால் ஐடிலில், அதாவது கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, லேசான அதிர்வு இயல்பு. நாலு சிலிண்டரிலிருந்து மாறியவர்கள் இதைக் கோளாறு என்று பயப்படுகிறார்கள். முதல் நாளிலிருந்தே அப்படி இருந்தால் விட்டுவிடலாம். புதிதாக வந்த ஆட்டம் என்றால் விடக் கூடாது, ஏனென்றால் மூன்றில் ஒன்று போனால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போகிறது.

சுருக்கமாக: உதறலோடு பிக்கப்பும் குறைந்தால், அதிலும் உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு அழுத்தும்போது மோசமானால், முதல் சந்தேகம் மிஸ்ஸிங்.

பலர் தவறவிடுகிற இடம்: உள் ஜாயிண்ட்

அம்பாசடரில் பின்சக்கரங்கள்தான் காரைத் தள்ளும். முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும். மாருதி 800-இலிருந்து பெரும்பாலான சின்ன கார்களில் முன்சக்கரங்களுக்கு இரட்டை வேலை. இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதோடு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறவும் வேண்டும். அத்தனை அசைவுக்கும் நடுவே டிரைவ் ஷாஃப்ட் சுழற்சியைச் சீராகக் கொண்டுபோக வேண்டும். ஒரே நேர்க்கம்பியாக இருந்தால் முடியாது. அதனால் ஒவ்வொரு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு சி.வி. ஜாயிண்ட் என்று பெயர். எந்தக் கோணத்தில் மடங்கினாலும் வேகம் மாறாமல் சுழற்றும் மூட்டு என்பது அதன் பொருள்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது வெளி ஜாயிண்ட். இது கெட்டால் எல்லோருக்கும் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் வரும்.

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உள் ஜாயிண்ட் பெரும்பாலும் சத்தம் போடாது. ஆட்டித்தான் காட்டும். பெரும்பாலான சின்ன கார்களில் இதற்குள் மூன்று உருளைகள், மூன்று பள்ளத் தடங்களில் முன்னும் பின்னும் வழுக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய வேண்டுமல்லவா, அதற்காக. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உருண்டு உருண்டு தடத்தில் குழி விழுகிறது. பளு இல்லாதபோது உருளை அந்தக் குழியில் சும்மா கிடக்கும். நீங்கள் மிதித்ததும், இன்ஜினின் முழு முறுக்கும் அந்த உருளைகளைத் தடத்தின் சுவரோடு அழுத்துகிறது. அவை வழுக்க முடியாமல் குழியில் சிக்கிச் சிக்கி விடுபடுகின்றன. மூன்று உருளைகள் என்பதால் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று தள்ளல். அந்தத் தள்ளல் ஷாஃப்ட்டின் நீளவாக்கில், அதாவது காருக்குக் குறுக்காக. அதனால்தான் கார் இடமும் வலமுமாக உதறுகிறது. காலை எடுத்ததும் அழுத்தம் போய்விடுகிறது, உதறலும் போய்விடுகிறது.

என் காரில் நடந்தது அச்சு அசல் இதுதான். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஆட்டம் மாறியதைக்கூட நான் கவனித்திருந்தேன். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் உயர்கிறது, ஷாஃப்ட்டின் கோணம் மாறுகிறது. காரணம் தெரியாததால் அந்தத் தகவலை யாரிடமும் சொல்லவில்லை.

ஜாயிண்ட் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் ஒரு ரப்பர் உறை கிழிவதால். மூட்டைச் சுற்றிச் சுருக்கம் சுருக்கமாக ஒரு ரப்பர் உறை இருக்கும், பூட் என்பார்கள். உள்ளே கிரீஸ். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே சிதறும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் தேய்மானம்தான். சர்வீஸுக்கு விடும்போது முன்சக்கரங்களின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் போய்விட்டது. உடனே பார்த்தால் பூட்டும் கிரீஸும் மாற்றுவதோடு முடியும். தள்ளிப்போட்டால் ஜாயிண்ட்டையோ முழு ஷாஃப்ட்டையோ மாற்ற வேண்டியிருக்கும். உள் ஜாயிண்ட்டில் பிளே இருக்கிறதா என்று காரை லிஃப்டில் தூக்கி, ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார்கள். பிளே என்றால் இருக்கக் கூடாத தளர்வு.

சுருக்கமாக: மிதித்தால் பக்கவாட்டில் உதறி, காலை எடுத்ததும் நின்று, கியர் மாற்றினாலும் அதே வேகத்தில் திரும்ப வந்து, பிக்கப்பிலும் குறை இல்லையென்றால், உள் ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சக்கரத்தின் கோளாறு வேறு மாதிரி

சக்கரத்தின் ஒரு பக்கம் கனம் கூடினால், சுற்றும்போது அது வெளியே இழுக்கும். வாஷிங் மெஷினில் துணி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு டிரம் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ரிம்மின் ஓரத்தில் வெறும் 30 கிராம் அதிகம் இருந்தாலே, 14 அங்குல ரிம் உள்ள காரில் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்றரை கிலோ எடை தொங்குகிற அளவுக்கு இழுக்கும். சக்கரம் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுவதால், அந்த இழுப்பும் பதின்மூன்று முறை திசை மாறும். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகிவிடும். அதனால்தான் ஊருக்குள் தெரியாமல் இருந்து நெடுஞ்சாலையில் தெரிகிறது.

80-இல் தொடங்கி 100-இல் உச்சத்துக்குப் போய், இன்னும் வேகம் போனால் குறைகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் மேலே மேலே போகும், நேரம் தப்பித் தள்ளினால் அடங்கும். சக்கரத்துக்கும், அதன் மேல் காரைத் தாங்குகிற ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷனுக்கும் அப்படி ஓர் இயல்பான ஆட்ட வேகம் இருக்கிறது. சக்கரத்தின் சுழற்சி அதோடு பொருந்துகிற இடத்தில் ஆட்டம் பெருகும். இதை ஒத்ததிர்வு என்கிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பேலன்சிங்கும் அலைன்மெண்ட்டும் ஒன்றல்ல. பேலன்சிங் என்பது ரிம்மில் சின்ன எடைகளை ஒட்டி கனத்தைச் சமன்செய்வது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் பார்க்கிற திசையையும் சாய்வையும் சரிசெய்வது. அலைன்மெண்ட் கெட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரம் தேயும். தானாக உதறலைத் தராது. இரண்டையும் கடையில் சேர்த்தே செய்வதால், பேலன்சிங் செய்த நன்மைக்கு அலைன்மெண்ட் பெயர் வாங்கிக்கொள்கிறது.

டயர் வீக்கம், பள்ளத்தில் விட்டு வளைந்த ரிம், ஸ்டெப்னி மாற்றிய பிறகு சரியாக முடுக்காத நட்டு ஆகியவையும் ஆட்டும். கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள், சக்கரமே கழன்றுவிடும் ஆபத்து அது. பிரேக் அடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அது தனிக் கதை.

புறப்படும்போது மட்டும் உதறினால்

முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது கார் முழுவதும் குலுங்கி, பெடலை முழுக்க விட்டதும் அடங்கினால் அது கிளட்ச் பிளேட். சுற்றுகிற இன்ஜினோடு நிற்கிற காரை மெதுவாகப் பிணைப்பதுதான் அதன் வேலை. ஆயில் கசிந்தாலோ சூட்டில் கருகியிருந்தாலோ வழுக்கிப் பிடித்து வழுக்கிப் பிடித்து இணையும். ஈரமான ஜன்னல் கண்ணாடியில் விரலை அழுத்தி இழுத்தால் துள்ளித் துள்ளிப் போகுமே, அப்படி.

இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகளுக்கு மவுண்டிங் என்று பெயர். வெட் கிரைண்டருக்குக் கீழே இருக்கிற ரப்பர் கால் போனால் மேடையே அதிர்வதுபோல, மவுண்டிங் கிழிந்தால் இன்ஜினின் இயல்பான நடுக்கம் எல்லாம் காருக்குள் வரும். மிதிக்கும்போதும் விடும்போதும் 'தொம்' என்று ஓர் இடி கேட்கும். ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது சீட் நடுங்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்துவைத்து, பிரேக்கை அழுத்தியபடி கிளட்ச்சைக் கொஞ்சம் விடச் சொல்லி இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார். அப்போது காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டியவை

ஆட்டத்தோடு இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய் வழியாகப் போய், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் எரிகிறது என்று அர்த்தம். அதற்குள் பிளாட்டினம், பலேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. சில நூறு ரூபாய் பிளக்குக்காக அதை உருக்கிவிட்டால் செலவு பல்லாயிரத்துக்குப் போகும். விளக்கு விடாமல் எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். டயரில் வீக்கம் தெரிந்தாலோ, ஆட்டம் திடீரென்று ஒரே நாளில் பெரிதானாலோ, அந்தக் காரை நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி ஆடுது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "50-லிருந்து 70 வரைக்கும் மிதிக்கும்போது இடம் வலமா ஆடுது. காலை எடுத்தா நின்னுடுது. மூணாவது கியர்லயும் நாலாவது கியர்லயும் ஒரே மாதிரி. பிக்கப் நல்லாத்தான் இருக்கு. நின்ன இடத்துல ரேஸ் கொடுத்தா ஆடலை." இதைக் கேட்ட எந்த நல்ல மெக்கானிக்கும் பேலன்சிங் மெஷின் பக்கம் போக மாட்டார். காரை லிஃப்டில் ஏற்றுவார்.

என் காரில் இடப்பக்க உள் ஜாயிண்ட்டை மாற்ற ஒரு மதியப் பொழுது ஆனது. பழையதைத் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். தடத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். நகம் சிக்கிக்கொள்கிற அளவுக்கு ஒரு குழி இருந்தது.